கண்ணாடிக் குழாயில் சந்தனம்

எங்கள் வீட்டுப் பொயிலரை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். முன்பு அப்படியில்லை, நானே அதைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பேஸ்மென்றில், படிக்கட்டுக்குப் பின்னால் இருட்டு மூலையில் நின்ற அந்த இரும்புப் பெட்டி என் கணவருடைய தனிச் சொத்தாக இருந்தது. அவர் இறங்குவார், எதையோ திருகுவார், ஏறி வருவார், வீடு சூடாகும். என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கும் முழுதாகத் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ரொறன்ரோவில் இப்போதெல்லாம் வீடுகளுக்குள் சூடான காற்றுத்தான் ஊதும். எங்களுடையது செங்கல்லால் கட்டிய பழைய வீடு. கீழே பொயிலரில் தண்ணீர் கொதிக்கும், நீராவி குழாய் வழியே மேலேறி ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேற்றரைச் சூடாக்கும், பிறகு திரும்பவும் தண்ணீராகிக் கீழே வடியும். வீடு வாங்கும்போது எங்களுக்காக அலைந்த முகவர், "அண்ணை, உந்தப் பொயிலரைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு பூட்டுங்கோ" என்றார். என் கணவர் கழற்றவில்லை. நல்ல இரும்பு என்று சொல்லித் தட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அது அவருடையது.

போன வருடம் கோடை முடிகிற நேரத்தில் அவருக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். உயிரோடு வீட்டுக்கு வந்தாரே என்று எல்லாக் கோயிலுக்கும் நேர்ந்தது ஒரு பக்கம். தலைச்சுற்றல் மட்டும் விடவில்லை. பேஸ்மென்ற் படி செங்குத்து, கைபிடியும் ஆட்டம். அந்தப் பக்கமே போகக்கூடாது என்று வைத்தியர் கட்டளை போட்டார்.

எங்கள் ஒரே மகள் ரொறன்ரோவுக்கு வெளியே, மார்க்கம் என்ற நகரத்தில் இருக்கிறாள். கணினி வேலை, பெரிய வீடு, இரண்டு பிள்ளைகள், எந்த நேரமும் ஓட்டம். அப்பா ஆஸ்பத்திரியால் வந்த அந்த வாரமே குசினி மேசையில் வந்து இருந்து கொண்டு பேச்சைத் தொடங்கினாள்.

"அம்மா, அப்பாவால இனிக் கீழ போக ஏலாது. அந்தப் பொயிலரை ஆர் பாக்கிறது? குளிருக்குள்ள அது நிண்டால் அப்பாவுக்கு என்ன ஆகும்? வீட்டை விக்க மார்க்கெற்றில போடுவம். எங்களோட வந்து இருங்கோ."

அவள் சொன்னதில் பிழையில்லை. அவளுடைய வீட்டில் எங்களுக்கென்று ஓர் அறையும் ஒதுக்கியிருந்தாள். ஆனால் எனக்குக் கார் ஓடத் தெரியாது. இங்கே சப்வேக்கு நடக்கலாம், நூலகத்துக்கு நடக்கலாம், ஒரு பஸ் எடுத்தால் ஸ்காபரோவில் மீன் வாங்கலாம். சிறுவர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் சமையல்காரியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். மழையோ பனியோ என் காலாலேயே போய் வந்தேன். மார்க்கத்தில் பால் வாங்கவும் யாராவது என்னை ஏற்றி இறக்க வேண்டும். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் ஒரு பொதியைப் போல அவள் வீட்டில் கிடக்க எனக்கு விருப்பமில்லை.

"பொயிலரை நான் பாக்கிறன்" என்றேன்.

"நீங்களோ?"

"ஏன், எனக்குக் கண் இல்லையோ, கை இல்லையோ?"

அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "சரி. இந்த விண்டர் பாப்பம். ஒருக்கா நிண்டாலும் வீட்டைப் போடுறம். ஓகே?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

பொயிலரின் வருடாந்தப் பரிசோதனைக்கு வருபவர் புரட்டாதியில் வந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் ஒரு சாம்பல் நிறப் பெட்டியின் மேலிருந்த திருகாணியைக் காட்டி, இதை யார் இவ்வளவு கூட்டி வைத்தது என்று கேட்டார். நான் மேலே பார்த்தேன். படியின் உச்சியில் கதிரை போட்டு இருந்த என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர் அதைக் குறைத்துவிட்டு, எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்று ஆணியில் தொங்கிய பிளாஸ்ரிக் பையைக் காட்டி, அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்.

பிறகு சரஸ்வதி பூசை வந்தது. கடைசி நாள் எங்கள் வீட்டில் கருவிகளுக்கும் பொட்டு வைப்போம். அம்மி இல்லாத வீட்டில் கிரைண்டருக்கு வைப்போம், தையல் மெசினுக்கு வைப்போம், காருக்கு வைப்போம், பொயிலருக்கும் வைப்போம். அது வழக்கமாக அவர் செய்வது. இந்த முறை சந்தனக் கிண்ணத்தோடு நான் இறங்கினேன். மேலே கதிரையிலிருந்து உத்தரவு வந்தது.

"கதவுக்கு வையும். மேல அந்த வட்டத்துக்கும் வையும். கண்ணாடிக்கு வைச்சனீரோ? உதுதான் அதின்ர கண். அதுக்கு வடிவா வையும்."

பொயிலரின் பக்கத்தில் பொருத்தியிருந்த கண்ணாடிக் குழாயில் பழைய வருடங்களின் சந்தனம் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நான் புதிதாக வைத்தேன். அவர் பிழைத்து வந்த வருடம் என்பதால் தாராளமாகவே குழைத்து, குழாயின் நடுவில் சுற்றிவரப் பூசி, குங்குமமும் வைத்தேன். கும்பிட்டேன். இந்தக் குளிர் முடியும்வரை நின்றுவிடாதே என்று அந்த இரும்பிடம் கேட்டேன். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், கண் கலங்கியது.

அதற்குப் பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்தேன். ஆங்கிலம்தான். தெரியாத சொல்லுக்குத் தொலைபேசியைத் தட்டினேன், விளங்காத படத்துக்குக் காணொளி பார்த்தேன். பிரஷர் குக்கர் தெரிந்தவளுக்கு இதென்ன பெரிய காரியம் என்று நினைத்துத் தொடங்கியவள் முதல் பக்கத்திலேயே மூக்குடைபட்டேன். அழுத்தத்தைக் காட்டும் கேஜின் வட்டத்தில் முப்பது வரை எண்கள் போட்டிருக்கின்றன. வீட்டைச் சூடாக்க முள் இரண்டைத் தாண்டவே தேவையில்லையாம். குக்கர் கிட்டத்தட்ட எந்த அழுத்தத்தில் விசிலடிக்குமோ, அந்த அழுத்தம் வந்தால் இங்கே பாதுகாப்பு வால்வு திறந்து நீராவியை வெளியே தள்ளிவிடும். அவ்வளவு தூரம் போகாமல் நெருப்பை அணைப்பதுதான் அந்தச் சாம்பல் பெட்டியின் வேலை. அழுத்தத்தைக் கூட்டினால் வீடு கூடச் சூடாகும் என்று என் கணவர் இத்தனை வருடமாக அந்தத் திருகாணியைத் திருகியது வீண் வேலை. அதிக அழுத்தத்தில் நீராவி மெதுவாகத்தான் போகும் என்று புத்தகம் சொன்னது. நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"புத்தகம் எழுதினவனுக்கு எங்கட வீட்டுக் குளிர் தெரியுமோ?" என்றார்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது அழுத்தம் இல்லை, தண்ணீர். பொயிலருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டத்தான் பக்கத்தில் அந்த நிமிர்ந்த கண்ணாடிக் குழாய். பாதிக்கு மேல் நின்றால் சரி. குறைந்தால் தண்ணீர்க் குழாயைத் திறந்து நாமே நிரப்ப வேண்டும், தானாக நிரப்பும் கருவி எங்கள் வீட்டில் இல்லை. கவனிக்காமல் விட்டு மிகவும் குறைந்தால், உள்ளே ஒரு மிதவை தாழ்ந்து நெருப்பை அணைக்கும். அந்த மிதவையின் அறைக்குள் சேறு படிந்தால் அது தாழாது. தாழாவிட்டால் வெறும் இரும்பு எரியும். அப்படிக் காய்ந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரும்பு வெடித்துப் பிளக்கும், அதற்கு மேலும் நடக்கலாம். இந்தப் பந்தியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அதைப் பல தடவை வாசித்தேன்.

ஆகவே வாரம் ஒருமுறை மிதவை அறையின் அடியிலுள்ள வால்வைத் திறந்து சேற்றை வெளியேற்றத் தொடங்கினேன். நெருப்பு எரியும்போதே திறக்க வேண்டும். தண்ணீர் பாயும்போது மிதவை தாழ்ந்து நெருப்பு அணைந்தால், காவல்காரன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். முதல் வாரம் வாளிக்குள் விழுந்தது தண்ணீரே இல்லை, கறுத்த களி. நெருப்பும் அணையவில்லை. மேலும் மேலும் திறந்து விட்டு, களி கரைந்து தெளியத் தொடங்கியபோது 'டக்' என்றொரு சத்தம். நெருப்பு அணைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் கை தட்டினேன்.

"அங்க என்ன நடக்குது?" என்றது மேலிருந்து குரல்.

"தண்ணி வெளியில விடுறன்."

"விசரே உமக்கு? காசு குடுத்துச் சூடாக்கின தண்ணியை ஆராவது வெளியில ஊத்துவினமோ? நான் ஒரு நாளும் உதைத் திறந்ததில்லை."

"அது வாளியைப் பாக்கத் தெரியுது. உங்கட டொக்ரர் சொல்லுறதை நீங்கள் கேளுங்கோ. இதின்ர டொக்ரர் சொல்லுறதை நான் கேக்கிறன்."

வாரா வாரம் இந்தச் சண்டை நடந்தது. வாளியைக் கொட்டிவிட்டு வந்து டோர்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்ப்பேன். பாதிக்கு மேல் நேராக ஒரு கோடு. எத்தனை வாளி ஊற்றினாலும் அந்தக் கோடு இறங்கவில்லை. பெரிய பொயிலர், ஒரு வாளி அதற்கு என்ன காணும் என்று நினைத்தேன். தண்ணீர் சேர்க்கவேண்டி வரவில்லை என்று எனக்குள் பெருமையும் இருந்தது.

தைப்பொங்கலுக்கு முந்திய நாட்களில் அது அணைந்து அணைந்து எரிந்தது. வெளியே முகத்தை வெட்டும் குளிர். பாவம், மூச்சு வாங்குகிறது என்று இரக்கப்பட்டேனே தவிர, இறங்கிப் போய் நின்று யோசிக்கவில்லை.

பொங்கலன்று காலை எழும்பியபோது ரேடியேற்றர் சில்லிட்டிருந்தது. மகள் பிள்ளைகளோடு பொங்கலுக்கு வருவதாக இருந்தது. அவள் மார்க்கத்திலிருந்து புறப்படவே இன்னும் சில மணி நேரம் இருந்தது.

இறங்கினேன். நெருப்பு இல்லை. ஆனால் இரும்புக்குப் பக்கத்தில் போனால் முகத்தில் அனல். அழுத்த முள் பூச்சியத்தில். டோர்ச் அடித்தேன். கண்ணாடியில் கோடு பாதிக்கு மேல் அப்படியே நின்றது. தண்ணீர் இருக்கிறது, நெருப்பு மட்டும் இல்லை என்றால் கோளாறு வேறெங்கோ. முடிந்தது கதை, வீடு போயிற்று என்று நினைத்தேன்.

எதற்கென்று தெரியாமலே சேலைத் தலைப்பால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். தலைப்பு மஞ்சளாயிற்று. கோடு மறைந்தது.

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு எச்சில் தொட்டு அழுத்தித் துடைத்தேன். வருடக்கணக்கான சந்தனமும் குங்குமமும் தூளாகக் கொட்டின. குழாய் அடிவரைக்கும் வெறுமை. அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் தெரியவில்லை. இத்தனை வாரமும் டோர்ச் அடித்து நான் பார்த்துப் பூரித்தது என் கையாலேயே பூசிய பொட்டின் விளிம்பு. அந்தக் கோட்டை நம்பி வாளி வாளியாக ஊற்றிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

கீழ்ப் படியில் இருந்துவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் மேலிருந்து.

"தண்ணி இல்லை. கண்ணாடியில ஒண்டும் இல்லை."

"அவ்வளவுதானே! தண்ணியைத் திறவும். இப்ப திறந்தா அவள் வரமுன்னம் வீடு சூடாகிடும். அவளுக்குத் தெரியவே தெரியாது."

அவர் சொன்ன கணக்குச் சரி. அப்போதே திறந்து நிரப்பினால் மகள் வரும்போது வீடு கதகதவென்று இருக்கும். ஆற விட்டால் குளிர்ந்த வீட்டுக்குள்தான் வருவாள், நின்றதைக் கண்ணால் காண்பாள். என் கை போய்த் தண்ணீர்க் குழாயின் பிடியில் இருந்தது. ஆனால் அந்தத் தடித்த எழுத்துப் பந்தி கண்ணுக்குள் நின்றது. கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் ஊற்றாதே, அணை, ஆற விடு. மிதவை நேரத்துக்கு அணைத்ததா, இரும்பு காய்ந்த பிறகு அணைத்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் அவருடைய உயிரை வைக்க முடியுமா? பிடியிலிருந்து கையை எடுத்தேன். பொயிலரின் சிவப்பு மின் ஆளியை அணைத்தேன்.

"திறக்க மாட்டன். ஆறட்டும்."

"உமக்கு ஒண்டும் தெரியாது. நில்லும், நான் வாறன்."

கதிரை நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன், ஆடும் கைபிடியில் அவருடைய கை, முதல் படியில் அவருடைய கால். நான் பாய்ந்து ஏறி அவருக்கு முன்னால் நின்றேன். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து அவருக்கு முன்னால் நான் அப்படிக் கத்தியதில்லை.

"இன்னொரு படி இறங்கினீங்கள் எண்டால் நானே இந்த வீட்டை வித்துப்போடுவன்! ஆருக்காக நான் உதைப் படிச்சது? உங்களைக் குளிருக்குள்ள விடக்கூடாதெண்டுதானே! உங்களுக்கு ஏதும் நடந்தா எனக்கென்னத்துக்கு இந்த வீடு?"

அவர் மெதுவாகக் காலை எடுத்துக் கதிரையில் இருந்தார். இரண்டு போர்வையும் கம்பளித் தொப்பியும் கொண்டுவந்து அவரைச் சுற்றிவிட்டு, குசினிக்குள் கூட்டிப் போய் அடுப்பை மூட்டி, பொங்கல் பானையை வைத்தேன்.

மகள் வந்தபோது பால் பொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் குளிர்க் கோட்டோடு அடுப்படியில் நின்றோம். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அவளுக்கு வேடிக்கையாக இல்லை.

"அம்மா, ஹீற்றிங் நிண்டுட்டுதோ?"

"ஓம். நிண்டுட்டுது."

"நான் சொன்னனான்தானே!"

"சொன்னனி. இப்ப கீழ வா."

அவளைக் கூட்டிக்கொண்டு போய் வெறும் கண்ணாடியைக் காட்டினேன். சந்தனம் பிடித்த தலைப்பைக் காட்டினேன். எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். "இது பழுதாகி நிக்கேல்லை, பிள்ளை. தண்ணி குறைஞ்சா நிக்கத்தான் உதுக்குள்ள ஒரு மிதவை வைச்சிருக்கினம். நான் சேறு எடுத்தபடியாத்தான் அது தாழ்ந்தது. முந்தி இருந்த மாதிரி இருந்திருந்தா நிண்டிராது, எரிஞ்சிருக்கும்."

அவள் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடியில ஆர் சந்தனம் பூசினது?"

நான் வாய் திறக்க முன்னம் மேலிருந்து பதில் வந்தது. "நான்தான் பூசச் சொன்னனான். ஒவ்வொரு வருசமும் நான்தான் பூசினனான்."

இரும்பில் கை வைத்துப் பார்த்தேன். கை தாங்கியது, சூடே இல்லை. தண்ணீரைக் கொஞ்சமாகத் திறந்தேன். கண்ணாடியின் அடியில் முதலில் ஒரு மினுக்கம், பிறகு உண்மையான தண்ணீர், ஆடி ஆடி மேலேறியது. பாதியைத் தாண்டியதும் பூட்டினேன். எங்கேனும் ஒழுகுகிறதா என்று டோர்ச் அடித்துச் சுற்றிவரப் பார்த்துவிட்டு ஆளியைப் போட்டேன். நெருப்புப் பற்றியது. அதற்குப் பிறகும் ஒரு தடவை சேற்று வால்வைத் திறந்து, நெருப்பு அணைகிறதா என்று அவளுக்கு முன்னால் சோதித்தேன். 'டக்.' அணைந்தது. குறைந்த தண்ணீரை இந்தமுறை நிரப்பினேன்.

பொங்கல் சாப்பிட்டு முடிய, சுவருக்குள் குழாய்கள் தட்டத் தொடங்கின. ரேடியேற்றர்கள் ஒவ்வொன்றாகச் சீறி அடங்கின. பிள்ளைகள் கோட்டைக் கழற்றி எறிந்தார்கள். மகள் மட்டும் கோட்டோடு இருந்தாள், எந்த நேரமும் எழும்பிப் போகிறவளைப் போல. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நிண்டது நிண்டதுதான். வாக்குக் குடுத்தனான். வீட்டைப் போடப் போறியோ? இப்பவே சொல்லு."

அவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்தாள். "அம்மா, காலமை நீங்கள் தண்ணியைத் திறந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரிஞ்சிராது. நீ வாறதுக்குள்ள சூடாகியிருக்கும்."

"அது தெரிஞ்சும் திறக்கேல்லை."

"திறக்கக்கூடாது. அவ்வளவுதான்."

அவள் எழுந்து நின்று கோட்டைக் கழற்றினாள். அதைக் கதிரையில் போடவில்லை, நடைக்குப் போய்க் கொக்கியில் கொழுவிவிட்டு வந்தாள். "அப்ப இருங்கோ" என்றாள். "ஆனா அந்தக் கைபிடியை நாளைக்கே ஆளைப் பிடிச்சு இறுக்கிறம்." நான் குசினிக்குள் போய், பானை கழுவுகிற சாட்டில், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு அவருடைய தலைச்சுற்றல் நின்றிருந்தது. படி இறங்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இறுகிய கைபிடியைப் பிடித்து, மற்றக் கையில் சந்தனக் கிண்ணத்தோடு, எனக்குப் பின்னால் மெல்ல இறங்கி வந்தார். பொயிலருக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணாடி துப்புரவாக இருந்தது, தண்ணீர்க் கோடு பாதிக்கு மேல். முள் ஒன்றில் நின்றது. அவர் விரலில் சந்தனத்தைத் தொட்டு எடுத்தார். கை கண்ணாடிப் பக்கம் போகவில்லை, பாதியில் நின்றது.

"எங்க வைக்கட்டும்?" என்று என்னிடம் கேட்டார்.

"கீழ, இரும்பில வையுங்கோ" என்றேன்.